துபாய் வீடு, மும்பை ஏஜென்ட்: எங்கே சிக்குகிறதோ அங்கிருந்து பார்ப்போம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை மகன் போன் செய்தான். அந்தேரியில் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஹால் ஒன்றிலிருந்து பேசினான், பின்னால் மைக் சத்தம்.

"மாமா, துபாய்ல ஒன் பெட்ரூம். இன்னிக்கே புக் பண்ணா நாலு பெர்சென்ட் பதிவுக் கட்டணத்தை அவங்களே கட்டுறாங்களாம். கார்டு கையில இருக்கு. தேய்ச்சிரட்டா?"

"வேண்டாம் மாப்ள. கார்டை உள்ளே வை. சாப்பாடு போட்டிருப்பாங்க, சாப்பிட்டுட்டு நேரா வீட்டுக்கு வா" என்றேன்.

செம்பூர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில், அந்நியச் செலாவணி மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். சயான், மாட்டுங்கா, முலுண்டிலிருந்து நம்மவர்கள் வெளிநாட்டில் வீடு வாங்கக் கிளம்பினால் இப்போதும் யாராவது ஃபைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்திலிருந்து படித்தால் போதும். அந்தப் பக்கத்துச் சட்டம் எல்லாம் துபாயுடையது. லண்டனோ லிஸ்பனோ என்றால் அது மாறும், மும்பையிலிருந்து பணம் கிளம்பும் பகுதி மட்டும் மாறாது.

அறிகுறி: விசிட்டிங் கார்டில் மும்பை முகவரி, பேச்சில் துபாய்

ஹோட்டல் கண்காட்சியில் உங்களைப் பிடித்து உட்கார வைப்பவர் பெரும்பாலும் 'சேனல் பார்ட்னர்'. துபாயில் உரிமம் பெற்ற ஏஜென்டுக்கோ, நேரடியாக பில்டருக்கோ ஆள் பிடித்துக் கொடுப்பவர். அதில் தப்பில்லை. ஆனால் ஏதாவது தகராறு என்றால் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. "எங்களுக்கு மகாரேரா பதிவு இருக்கிறது சார்" என்பார். உண்மையாகவே இருக்கலாம். அது மகாராஷ்டிரத்து மனைகளுக்கும் கட்டடங்களுக்கும் உள்ள பதிவு, துபாய் ஃப்ளாட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேட்க வேண்டியது இரண்டு எண்கள். துபாயில் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் பி.ஆர்.என். என்று ஒரு பதிவு எண் உண்டு, அவருடைய அலுவலகத்துக்கு ஓ.ஆர்.என். 'துபாய் ரெஸ்ட்' என்ற செயலி துபாய் நிலத் துறையுடையது, இலவசம். அதில் இந்த எண்ணைப் போட்டால் பெயரும் நிறுவனமும் வரும். எண் கேட்டதும் பேச்சு மாறினால், அந்த மேசையில் காபியை மட்டும் முடித்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

அறிகுறி: "இன்றைக்கே கட்டாவிட்டால் யூனிட் போய்விடும்"

மும்பைக்காரர்களுக்கு இது பழகிய வியாதி. டோக்கன் கொடுத்து இடத்தைப் பிடி, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றே இங்கே வளர்ந்திருக்கிறோம். அங்கே அது இரண்டு இடத்தில் கடிக்கும்.

முதலாவது கார்டு. வெளிநாட்டில் சொத்து வாங்குவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி மூலதனக் கணக்குப் பரிவர்த்தனை. கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்க்க அனுமதி இருப்பது ஹோட்டல், டிக்கெட், ஷாப்பிங் போன்ற நடப்புச் செலவுக்குத்தான். மெஷினில் தேய்த்தால் பணம் போய்விடும் என்பதால் அது சரி என்று ஆகாது. பிறகு மீதிப் பணத்தை வங்கி வழியாக அனுப்பும்போது, முதல் தவணை எப்படிப் போனது என்று கேட்பார்கள். அந்த ரசீதைக் காட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தவர்களை நான் மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, நீட்டப்படும் படிவம். அன்றைக்குக் கையெழுத்து கேட்பது பெரும்பாலும் விற்பனை ஒப்பந்தமே இல்லை, முன்பதிவுப் படிவம். மனம் மாறினால் பணம் திரும்புமா, எத்தனை நாளில், எவ்வளவு பிடித்துக்கொண்டு என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். "ரீஃபண்டபிள்தான் சார், நான் இருக்கேன்ல" என்பது எழுத்து ஆகாது. அந்த வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மருமகன் அன்றைக்குக் கேட்டான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அறிகுறி: "உங்களிடம் கமிஷனே வாங்க மாட்டோம்"

கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீடு என்றால் அது உண்மைதான், பில்டர் கொடுக்கிறார். அப்படியானால் அவர் யாருடைய ஆள் என்பதும் தெரிந்துவிட்டது. உங்களுக்கு எது பொருந்தும் என்று அவர் சொல்வதற்குள், எந்தக் கட்டடத்தில் அவருக்கு அதிகம் கிடைக்கும் என்ற கணக்கு முடிந்திருக்கும். திட்டவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

முடிந்த வீட்டை இன்னொருவரிடமிருந்து வாங்குவது வேறு கதை. அங்கே வாங்குபவர் ஏஜென்டுக்குக் கொடுப்பது வழக்கமாக 2 சதவீதம், அதன் மேல் 5 சதவீதம் வாட். 12 லட்சம் திர்ஹாம் வீட்டுக்குக் கமிஷன் 24,000, வாட் 1,200. நிலத் துறைக்கு 4 சதவீதம், 48,000. பெயர் மாற்றம் நடக்கும் டிரஸ்டி அலுவலகத்துக்கு 4,000, அதற்கும் வாட் 200. ஆக மொத்தம் 77,400 திர்ஹாம். விலைக்கு மேல் ஆறரை சதவீதத்தைத் தொடுகிறது, சில்லறைக் கட்டணங்கள் இதில் சேரவில்லை. முதல் சந்திப்பிலேயே இந்தக் கணக்கைத் தானாக எழுதிக் காட்டும் ஏஜென்ட் கிடைத்தால் விடாதீர்கள்.

அறிகுறி: ஒரே வீடு, மூன்று ஏஜென்ட், மூன்று விலை

படத்தில் அதே சோபா, அதே ஜன்னல். ஒருவர் 11.5 லட்சம் என்கிறார், இன்னொருவர் 12, மூன்றாமவர் "ஓனர் அவசரத்தில் இருக்கிறார், 10.8க்கு முடிக்கலாம்" என்கிறார். கடைசி ஆளிடம்தான் எல்லோரும் போவார்கள். போனால், "அது நேற்று போயிடுச்சு, இன்னொன்று இருக்கு" என்ற பதில் தயாராக இருக்கும்.

அங்கே விற்பவருக்கும் ஏஜென்டுக்கும் இடையில் 'ஃபார்ம் ஏ' கையெழுத்தாக வேண்டும். விளம்பரம் போட நிலத் துறையின் அனுமதி எண் வேண்டும், விளம்பரத்தில் க்யூஆர் கட்டம் இருக்க வேண்டும். போன் கேமராவை அந்தக் கட்டத்தின் மேல் பிடித்தால் நிலத் துறையின் பக்கம் திறந்து, எந்தச் சொத்துக்கு, யாருக்கு அனுமதி என்று காட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் கட்டமும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் அது வெறும் படம்.

உங்களுக்கும் உங்கள் ஏஜென்டுக்கும் இடையில் கையெழுத்தாவது 'ஃபார்ம் பி'. இதை ஒருவரோடு மட்டும் போடுங்கள். நாலு பேரை ஓட விட்டால் போட்டியில் விலை குறையும் என்று நினைக்கிறோம். நடப்பது என்னவென்றால், நாலு பேரும் அதே ஓனரைக் கூப்பிட்டு "எங்கிட்ட பார்ட்டி இருக்கு" என்பார்கள். நாலு பேர் கேட்கிறார்கள் என்று ஓனர் விலையை ஏற்றிவிடுவார். விற்பவரும் நீங்களும் போடும் ஒப்பந்தம் 'ஃபார்ம் எஃப்'. அதோடு வழக்கமாக 10 சதவீதத்துக்கு ஒரு காசோலை வைக்கப்படும். காசோலை விற்பவர் பெயரில் இருக்க வேண்டும், ஏஜென்டின் பெயரில் வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: அனுப்பச் சொல்லும் கணக்கின் பெயர் ஒத்துவரவில்லை

இதில் மட்டும் கொஞ்சம் நிதானம். மற்றதெல்லாம் தப்பினாலும் சரிசெய்யலாம், தப்பான கணக்குக்குப் போன பணத்தைத் திரும்பப் பார்ப்பது கஷ்டம்.

கட்டப்படும் வீடுகளுக்கு 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி எஸ்க்ரோ கணக்கு இருக்க வேண்டும். வாங்குபவர்களின் பணம் அதில்தான் சேரும், வேலை நடக்க நடக்கத்தான் பில்டருக்கு வெளியே வரும். மருமகனுக்கு வந்த தாளை எடுத்து மேசையில் விரித்தோம். ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் ஏ.இ. என்று தொடங்கி 23 எழுத்து, அது சரி. வங்கி பெயர் சரி. கணக்கின் பெயரில்தான் சிக்கல். திட்டத்தின் பெயரும் இல்லை, எஸ்க்ரோ என்ற சொல்லும் இல்லை. ஏதோ ஒரு 'பிராபர்டீஸ் எல்.எல்.சி.' இருந்தது, ஏஜென்டின் சொந்த நிறுவனம். கேட்டதற்கு, "வசதிக்காக சார், நாங்க அங்கே மாத்திக்குவோம்" என்றார். யாருடைய வசதி?

செயலியில் திட்டத்தின் பெயரைப் போட்டுப் பதிவான திட்டமா என்று பாருங்கள். எஸ்க்ரோ கணக்கு விவரத்தை பில்டரின் அலுவலகத்திலிருந்து நேரடியாக வாங்குங்கள். இரண்டும் ஏஜென்ட் கொடுத்த தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டும் வங்கிக்குப் போங்கள்.

இதன் அண்ணன் ஒருவர் உண்டு: "ரூபாயை இங்கேயே கொடுத்துடுங்க, அங்கே திர்ஹாமா கட்டிடுறோம், டாக்ஸும் மிச்சம்." மும்பையில் இந்தச் சொல்லைக் கேட்காதவர் கிடையாது. ஹவாலா. பிடிபட்டால் ஃபெமாவில் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம். பிடிபடாவிட்டாலும் நாளைக்கு வீட்டை விற்று வரும் பணத்துக்கு மூலம் காட்ட முடியாது. சொன்னவருடன் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வங்கி அனுப்ப மறுக்கிறது, அல்லது கேட்டதைவிட அதிகம் பிடிக்கிறது

ஏஜென்டுகள் இதைச் சொல்வதே இல்லை. தெரியாததால் பாதி, தெரிந்தால் நீங்கள் பின்வாங்கிவிடுவீர்கள் என்பதால் பாதி.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர், தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 9,18,125 திர்ஹாம். அதாவது 12 லட்சம் திர்ஹாம் வீட்டை ஒரே ஆள், ஒரே நிதியாண்டில், முழுப் பணம் கட்டி வாங்க முடியாது. மகன் படிப்புக்கோ சுற்றுலாவுக்கோ அதே வருடம் அனுப்பியிருந்தால் அதுவும் இந்த வரம்பில்தான் கழியும்.

வழி இரண்டு. மனைவியின் வரம்பையும் சேர்க்கலாம், ஆனால் வீட்டில் அவரும் பங்காளியாக இருக்க வேண்டும். பத்திரத்தில் உங்கள் பெயர் மட்டும், பணம் இரண்டு பேரிடமிருந்து என்றால் வங்கி நிறுத்தும், அது சரியும் கூட. இல்லையென்றால் மார்ச் 31க்கு முன் ஒரு பங்கு, ஏப்ரல் 1க்குப் பின் ஒரு பங்கு என்று தேதியைப் பிரிக்கலாம். கட்டப்படும் வீட்டை விட்டுவிட்டு, பிறகு முடிந்த வீடு ஒன்றை வாங்கிய மருமகன் இரண்டையும் செய்தான். ஃபார்ம் எஃப் பேசும்போதே பெயர் மாற்றத் தேதியை ஏப்ரலில் வைக்கச் சொன்னோம். இந்தியாவுக்கு நிறைய விற்ற ஏஜென்ட் என்றால் காரணமே கேட்க மாட்டார். "மார்ச்லயே முடிச்சிடலாம் சார்" என்று அடம்பிடித்தால் ஆள் புதிது என்று அர்த்தம்.

அடுத்தது டி.சி.எஸ்., அதாவது பணம் கிளம்பும் இடத்திலேயே வசூலிக்கும் வரி. நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 20 சதவீதத்தை வங்கி பிடித்து உங்கள் பான் கணக்கில் செலுத்தும். 50 லட்சம் அனுப்பினால் 40 லட்சத்துக்கு 8 லட்சம். இது தனி வரி இல்லை, முன்பணம். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் சொல்லி மாதா மாதம் பிடிக்கும் டி.டி.எஸ்.ஸைக் குறைக்கச் சொல்லலாம். ஆனால் அனுப்பும் அன்று அந்த 8 லட்சமும் கையில் இருந்தாக வேண்டும். தவணைத் தேதியன்று இது தெரியவந்து, தங்க நகையை அடகு வைக்க ஓடிய குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். இந்தத் தொகைக்காக வங்கியில் கடன் கேட்கவும் முடியாது. மூலதனக் கணக்குக்கு எல்.ஆர்.எஸ்.ஸில் அனுப்ப வங்கி கடன் கொடுக்கக் கூடாது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் 'குடும்பப் பராமரிப்பு' என்று போடச் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள், "கேள்வி வராது சார்" என்று. வராதுதான், அன்றைக்கு. வெளிநாட்டில் அசையாச் சொத்து வாங்க எஸ் 0005 என்று தனிக் குறியீடு இருக்கிறது, அதைப் போடுங்கள். பேரம் முறிந்து பணம் திரும்பினால் அங்கேயே கிடக்க விடாதீர்கள். பயன்படுத்தாத தொகையை 180 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அறிகுறி: "நீங்க வரவே வேண்டாம், எங்க பேர்ல பவர் கொடுத்துடுங்க"

ஏஜென்டின் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி கூடாது. இவ்வளவுதான். அங்கே நம்பகமான உறவு இருந்தால் அவர் பெயரில், இந்த ஒரு வீட்டுக்கு மட்டும், விற்கும் அதிகாரம் இல்லாமல் கொடுங்கள். நோட்டரி, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் துணைத் தூதரகம், பிறகு அங்கே அரபி மொழிபெயர்ப்பு, அமீரக வெளியுறவு அமைச்சக முத்திரை என்று நீளும். ஒரு நடை விமானத்தில் போய் வருவதே பல சமயம் மலிவு, வீட்டையும் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும்.

அறிகுறி: காலி என்றார்கள், கதவைத் திறந்தால் குழந்தை செருப்பு

மருமகன் பார்த்த முதல் முடிந்த வீட்டில் இப்படித்தான். வாசலில் சின்னச் செருப்பு இரண்டு, உள்ளே குக்கர் சத்தம். "காலி பண்ணிடுவாங்க சார், சொல்லியாச்சு" என்றார் ஏஜென்ட்.

சொன்னால் போதாது. வீட்டை விற்பதற்காகவோ சொந்தமாகக் குடியேறவோ வாடகைதாரரை எழுப்ப வேண்டும் என்றால் 12 மாத நோட்டீஸ், அதுவும் நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ கொடுத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி செல்லாது. நோட்டீஸின் நகலைக் கேளுங்கள். பதிவான வாடகை ஒப்பந்தத்தை அங்கே 'இஜாரி' என்பார்கள், அதையும் கேட்டு வாடகை எவ்வளவு, எப்போது முடிகிறது என்று பாருங்கள். நீங்கள் வாடகைக்கு விடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நல்ல வாடகைதாரர் இருப்பது லாபம்தான். பழைய, குறைந்த வாடகையில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அறிகுறி: வருமானம் காகிதத்தில் கொழுத்து, கையில் மெலிந்து வருகிறது

ஏஜென்ட் சொல்லும் சதவீதம் வாடகையை விலையால் வகுத்தது, அவ்வளவே. சும்மா ஒரு கணக்குக்கு: 10 லட்சம் திர்ஹாம் வீடு, வாடகை 70,000. ஏழு சதவீதம் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். 700 சதுர அடிக்கு அடிக்கு 16 வீதம் சர்வீஸ் சார்ஜ் என்றால் 11,200 போயிற்று. வாடகையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 5 சதவீதம், 3,500. மிச்சம் 55,300, ஐந்தரை சதவீதம். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் இன்னும் கீழே. நம்மூர் சொசைட்டி மெயின்டனன்ஸ் நினைப்பில் சர்வீஸ் சார்ஜைக் கேட்காமல் விடுகிறோம். கட்டட வாரியாக அந்தத் தொகையை நிலத் துறையின் தளத்திலேயே பார்க்கலாம். ஏசி குளிர்நீர்க் கட்டணம் யார் தலையில் என்றும் கேளுங்கள், 'சில்லர் ஃப்ரீ', அதாவது அந்தக் கட்டணம் தனியாக இல்லை என்பதை ஒப்பந்தத்தில் பார்த்தால்தான் நம்ப வேண்டும்.

"துபாய்ல வரியே கிடையாது" என்பது தனிநபரின் வாடகை வருமானத்தைப் பொறுத்தவரை துபாய்க்கு உண்மை. நீங்கள் இருப்பது மும்பையில். வாடகை உங்கள் இந்திய வருமானத்தோடு சேரும். வீட்டை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. கோல்டன் விசா என்ற நீண்டகாலக் குடியிருப்பு விசா பேச்சு வந்தால் ஒரே கேள்வி: சொத்தின் மதிப்பு 20 லட்சம் திர்ஹாம் ஆகிறதா? ஆகவில்லை என்றால் பேச்சை மாற்றுங்கள்.

அறிகுறி: பணம் கட்டியதும் ஏஜென்ட் போனை எடுப்பதில்லை

கட்டப்படும் வீடு என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த விற்பனையை நிலத் துறையில் பதியும் 'ஊகூத்' பதிவு உங்கள் பெயரில் ஆகியிருக்கிறதா என்பது. ஆகியிருந்தால் ஏஜென்ட் இல்லாமலே பில்டரோடு பேசிக்கொள்ளலாம். எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்பது செயலியில் தெரியும். கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, வீட்டு விலையில் 40 சதவீதம் வரை பில்டர் பிடித்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. புகாரை நிலத் துறையிடம் எழுத்தில் கொடுங்கள், தவணை அதுபாட்டுக்குப் போகட்டும்.

முடிந்த வீடு என்றால், பெயர் மாறிய அன்றே பத்திரம் கைக்கு வந்துவிடும். அப்புறம் மின்சார, தண்ணீர் இணைப்பு, சாவி, பார்க்கிங் கார்டு என்று சின்னச் சின்ன வேலைகள் தொங்கும். மருமகனுக்குப் பார்க்கிங் கார்டு மூன்று வாரம் வரவில்லை. போனில் ரிங் போகும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

"இன்னொரு வீடு பார்க்கலாம்னு இருக்கோம்னு ஒரு மெசேஜ் போடு மாப்ள" என்றேன்.

போட்டான். நாலு நிமிடத்தில் போன் வந்தது. மறுநாள் கார்டும் வந்தது.